வெள்ளையாய் விட்ட மாவட்டம்

ஜெர்மனியின் எசன் நகரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சந்திரகாந்தியின் வாசலில், சுருட்டிய வரைபடமும் கையுமாக துஷானி வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. வால்ட்ஃபெல்ட் மாவட்டத்தில் அவள் நடத்தும் தமிழ் வகுப்பை தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூடப்போகிறார்களாம். காரணம் அந்தப் படம். மாநிலத்தில் எந்த மாவட்டத்தில் எத்தனை தமிழர் என்று நிறம் தீட்டிய படம் அது. வால்ட்ஃபெல்ட் மட்டும் வெறும் வெள்ளை. அங்கே தமிழரே இல்லையாம்.

"இருபத்திமூண்டு பிள்ளையள் அக்கா. எல்லாரும் இங்க பிறந்ததுகள். அதுகள் தமிழர் இல்லையோ?"

படத்தைத் தயாரித்தவர் சங்கத் தலைவர் யோகலிங்கம். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி எண்ணினாராம். அதற்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். சந்திரகாந்திக்கு ஆளைத் தெரியும். முன்கடைக்குப் பாண் வாங்கப் போவதற்கே கார் எடுக்கிற பிரகிருதி. இவராவது, மாநிலம் முழுக்கப் படியேறுவதாவது!

அவளோடு வேலை செய்யும் கீர்த்தனனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. துஷானிமேல் ஏதோ கோபத்தில் தலைவர் வேண்டுமென்றே வால்ட்ஃபெல்டை அழித்துவிட்டார் என்றான். சந்திரகாந்தி படத்திலுள்ள எண்களை வாசிக்கச் சொன்னாள். முப்பத்தைந்து, நூற்றிருபது, நாற்பத்தைந்து, அறுநூற்றுப் பத்து என்று அவன் வாசித்துக்கொண்டு போக, பாதியில் போதும் என்றாள்.

"வேணுமெண்டு அழிக்கிறதுக்கும் மூளை வேணும், கீர்த்தனன்."

பிறகு துஷானியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்தக் குடும்பங்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? எல்லாம் ஜெர்மன் என்றாள் துஷானி. வயதான இருவரிடம் மட்டும் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. யோகலிங்கம் கதவு தட்டிய கதையை மீண்டும் அளந்து முடித்ததும் சந்திரகாந்தி எழுந்தாள்.

"அண்ணை, நீங்கள் எண்ணின சனம் எல்லா இடத்திலயும் அஞ்சஞ்சாத்தான் இருக்குது. ஏழு பேர் இருக்கிற மாவட்டம் ஒண்டும் இல்லை. நாற்பத்திமூண்டும் இல்லை. எங்கட சனம் கணக்குப் பார்த்தோ பிள்ளை பெத்தது?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்காமல் விளக்கினாள். தனியாள் யாரென்று தெரியாதிருக்க, வெளிநாட்டவர் தொகையை அரச அலுவலகம் ஐந்தின் மடங்காக்கித்தான் வெளியிடும். இரண்டு பேர் இருந்தால் அது பூச்சியமாகிவிடும். அந்தக் கணக்கு இனத்தைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கும். சோபாவில் சாய்ந்தபடி அதிலிருந்த இலங்கைப் பாஸ்போர்ட் தொகையைப் பிரதி பண்ணி, மேலே தமிழர் என்று எழுதிவிட்டார் தலைவர். அதனால் சிங்களக் குடும்பங்கள் தமிழராகிவிட்டன. துஷானியின் பிள்ளைகள் காணாமல் போனார்கள்.

"அரசாங்கக் கணக்குப் பிழைக்குமோ?" என்று முறைத்தார் யோகலிங்கம்.

"கணக்குச் சரி. தலைப்புத்தான் உங்கட."

சந்திரகாந்தி சபையைப் பார்த்துத் திரும்பினாள். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். அத்தனை பேருக்குள் மூன்று கைகள் உயர்ந்தன.

"மற்றவை எழும்பி வீட்டை போங்கோ. அண்ணையின்ர படத்தில நீங்கள் தமிழர் இல்லை."

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது.

"தலைவரும் கை தூக்கேல்லையே?"

வகுப்பை மூடும் தீர்மானம் யோகலிங்கத்தின் முன்னால்தான் கிடந்தது. அவர் எழுந்தார். அதை வாசிக்காமலே வெளியே போனார்.