வலது கைக் கொடி

1944 அக்டோபர் மாதத்தில் ஒரு மத்தியானம் நான் வீடு திரும்பினேன். சண்டை எங்கள் நார்மண்டியைக் கடந்து கிழக்கே போய்விட்டிருந்தது. பாதிக் கூரை பறந்துபோயிருந்தது. தோட்டத்தில் உதிர்ந்த ஆப்பிள்கள் அழுகிப் புளித்து நாறின. கணவர் இன்னும் ஜெர்மனியில் போர்க்கைதி. வீட்டுக்குப் பின்னால், ஆப்பிள் பிழியும் கொட்டகை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

கதவைத் திறந்தேன். சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது.

வெளியே பல நாளாக மழையே இல்லை. ஆனால் கொட்டகையின் கல் தரையில் ஈரமான பூட்ஸ் தடங்கள். வாசலிலிருந்து பின்சுவர் வரை போயின.

திரும்பி வந்த தடம் இல்லை.

அந்தச் சுவரோரம்தான் ஜூன் மாதம் அவனைப் படுக்க வைத்திருந்தோம். அமெரிக்கப் பாராசூட் வீரன். வெர்னன் என்று பெயர் சொன்னான். ஜெர்மன்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூழ்கடித்திருந்த புல்வெளியில், பாராசூட் கயிறு சுற்றிக் கிடந்தவனை விடிகாலையில் நான்தான் பார்த்தேன். கணுக்கால் முறிந்திருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் அல்சீத் கால்களைப் பிடிக்க, நான் தோளைப் பிடித்துத் தூக்கி வந்தேன்.

இடது தோளில் கழுகுத் தலைச் சின்னம். வலது சட்டைக் கையில் மெழுகுத்துணியில் அச்சடித்த அவன் நாட்டுக் கொடி, இரண்டு ஊக்குகளால் குத்தியிருந்தது.

"அதைக் கழட்டிடு. பாத்தாங்கன்னா அங்கயே சுட்டுடுவாங்க" என்றேன்.

அவனுக்கு எங்கள் மொழி அரைகுறை. கொடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டான்.

"மாட்டேன்க்கா. ஒளிஞ்சு வரல நாங்க. யார் வந்திருக்காங்கன்னு தெரியட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மதியமே ஜெர்மன்காரர்கள் எங்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். தங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள அல்சீத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொட்டகையில் கிடந்த பையனை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன்.

நான் திரும்பிய சேதி கேட்டு அல்சீத் வந்தான். முற்றத்தில் நின்றே பேசினான். அவன் வலது சட்டைக் கையில் அந்தக் கொடி.

"வந்துட்டியா ஓதில்! இளைச்சுட்டியே!"

"அந்தப் பையன் எங்க அல்சீத்?"

"ரெண்டே நாள்ல அவன் ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. போறப்ப அவனே இதை என் கையில குத்திவிட்டான். தெரியுமா, நவம்பர் பதினொண்ணு அன்னிக்கு, அவனைக் காப்பாத்தினதுக்கு எனக்குப் பதக்கம் தர்றாங்க. அடுத்த மேயரே நான்தான்னு பேச்சு."

"உள்ள வாயேன். கொட்டகைல கொஞ்சம் ஆப்பிள் மது மிச்சம் இருக்கும்."

அவன் கொட்டகைப் பக்கம் பார்க்கவே இல்லை. "வேலை கெடக்கு" என்று நடையைக் கட்டினான்.

சில நாள் கழித்து, பகலிலேயே மூடுபனி இறங்கியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள் யாரோ நடந்தார்கள்.

சளக். சளக்.

ஒரு காலை இழுத்து இழுத்து.

போய்க் கதவைத் தள்ளினேன். பின்சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். தலைக்கவசத்தின் வலையிலிருந்து நீர் சொட்டியது. மெதுவாகத் திரும்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல் தண்ணீர் போல ஏதோ அசைந்தது.

வலது கையை நீட்டினான்.

சட்டைக் கை கிழிந்திருந்தது. ஒரு ஊக்கு திறந்தபடி தொங்கியது. கொடி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் ஓடினால் இந்த வீடு எனக்கில்லை என்று தோன்றியது. கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு வருஷம் அந்த ஜெர்மன்காரனுங்களுக்கே நான் பயப்படல. உனக்கா பயப்படப் போறேன்? நில்லு. வாங்கிட்டு வரேன்."

அவன் கையைத் தாழ்த்தினான். அடுத்த கணம் தரையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

நவம்பர் பதினொன்று, போன உலகப்போர் முடிந்த நினைவு நாள். பூசை முடிந்து ஊரே தேவாலய முற்றத்தில் கூடியிருந்தது. அமெரிக்க அதிகாரி ஒருவர் பதக்கத்தோடு நின்றார். அல்சீத் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"அதைக் கழட்டு அல்சீத்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் சிரித்தான். "தனியா இருந்து இருந்து இவளுக்கு மூளை கலங்கிடுச்சு. யாராவது வீட்டுல கொண்டுபோய் விடுங்கப்பா."

"எனக்கு ஒண்ணும் கலங்கல. இதைக் கழட்டுன்னு நான் சொன்னப்பவே மாட்டேன்னவன் அவன். உனக்கா தூக்கிக் குடுத்தான்?"

"ஓதில், மரியாதையா வாயை மூடு!"

"மூட மாட்டேன். அவன் எங்க?"

பாதிரியார் என் தோளைத் தொட்டார். உதறினேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

சொட். சொட்.

அல்சீத்தின் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர். சேற்று நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது. கொடியைப் பிய்த்தெறியப் பார்த்தான். அது வரவில்லை. கையில் இறுகியது. விரல்கள் நீலம் பாரித்தன.

"எடுங்க! யாராவது எடுங்க!"

யாரும் அசையவில்லை. நான் போய் அவன் எதிரில் நின்றேன்.

"எங்கன்னு சொல்லு."

அவன் மண்டியிட்டான். "கொட்டகைக்குப் பின்னால... வாய்க்கால்ல. ஜெர்மன்காரங்க பறிச்சுட்டுப் போன என் ரெண்டு குதிரையையும் திருப்பித் தரேன்னாங்க, ஓதில். நான் காட்டிக் குடுத்தேன். அவங்கதான் சுட்டாங்க. புதைக்கச் சொன்னாங்க. அமெரிக்கக்காரங்க வந்தா காட்டிக்கலாமேன்னு இதைக் கிழிச்சு எடுத்தேன்..."

கொடியைத் தொட்டேன். ஊக்குகள் தாமாகவே விரிந்தன. துணி என் உள்ளங்கையில் விழுந்தது. காய்ந்து, வெயிலில் கிடந்தது போலச் சூடாக இருந்தது.

அன்றே வாய்க்காலைத் தோண்டி அவனை எடுத்தார்கள். எலும்பும் துணியுமாகத்தான் கிடைத்தான். அவன் சட்டைக் கையில் கொடியை நானே குத்தினேன். அதிகாரி என்னைத் தடுக்கவில்லை; தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெர்னனை ராணுவக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். அல்சீத்தைச் சிறைக்கு. கொட்டகைத் தரை அதன்பின் ஈரமாகவே இல்லை. வெர்னன் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷம் வசந்தத்தில், என் தோட்டத்தில் புதைந்திருந்த கண்ணிவெடிகளை எடுக்க ஜெர்மன் கைதிகளைக் கூட்டி வந்தார்கள். நல்ல வெயில். கேட்டைத் திறந்துவிட்டு நின்றேன்.

முன்னால் வந்தவன் சட்டென்று நின்றான்.

மண்ணைக் குத்தி வெடி தேட வைத்திருந்த கம்பி கீழே விழுந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

காவலுக்கு வந்தவன் கத்தினான். "என்னடா ஆச்சு உங்களுக்கு? அங்க யாருமே இல்லையேடா!"

என் பிடரியில் ஈரக்காற்று பட்டது. நான் திரும்பவில்லை.

"விட்டுடு தம்பி. வேலை செய்ய வந்திருக்காங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன் மெதுவாக, பின்னால் நிற்பவனிடம்.

எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் இறங்கின.