விளக்கு போடக் கூடாத இடம்

இரவு வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில் அந்த இடம் கருப்பாக இருந்திருக்கக் கூடாது. நகரத்தின் நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு, அப்புறம் மஞ்சள், பச்சை என்று வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, வெகு தொலைவு போன பிறகுதான் கருப்பு வரும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் அந்தக் கருப்பைத் தேடித்தான் ஊரைத் தாண்டிப் போவார்கள். ஆனால் தங்கையின் கைபேசியில், வெளிவட்டச் சாலைக்கு அந்தப் பக்கம், மஞ்சளுக்கு நடுவே, ஊசியால் குத்தியதுபோல ஒரு கரும்புள்ளி இருந்தது.

"ஏதோ தப்பா காட்டுது," என்றாள் அக்கா.

"தப்பா இருந்தா திரும்பி வந்துடலாம். அதுக்குள்ள உன் வேன் என்ன தேஞ்சா போயிடும்?"

பள்ளி வேன் ஓட்டுகிற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை இப்படிப் பேசி எத்தனையோ மாதமாயிற்று. கணவன் விட்டுப் போன பிறகு சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது மாத்திரையும் அல்ல, அம்மாவின் அழுகையும் அல்ல. யாரோ கொடுத்த பழைய பைனாகுலர். அதிலிருந்து வீட்டில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வேண்டாம் என்று சொன்னால் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தப் பயத்தில்தான் அக்கா வேன் சாவியை எடுத்தாள்.

கடைசி வீடுகள் முடிந்து, தார் முடிந்து, வேன் ஒரு வற்றிய ஏரியின் கரையில் நின்றது.

"லைட்ட அணைச்சிடு. இருட்டுக்குக் கண்ணு பழக அரை மணி நேரம் ஆகும். துளி வெளிச்சம் பட்டாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

இருவரும் ஏரிக்குள் இறங்கினார்கள். வெடித்த சேறு காலடியில் அப்பளம்போல நொறுங்கியது. பல வருடம் திறக்காத பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை தரையிலிருந்து எழுந்தது. தலைக்கு மேலே, அக்கா பிறந்ததிலிருந்து பார்த்திராத அளவுக்கு, வானம் நட்சத்திரங்களால் நிரம்பி வழிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நகரத்தின் வெளிச்சம் அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை.

"அட, நமக்கு முன்னாடியே ஆளுங்க வந்திருக்காங்க," என்று தங்கை கிசுகிசுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஆமாம். தரையில் வரிசை வரிசையாக உருவங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாத் தலைகளும் அண்ணாந்திருந்தன.

"வண்டி ஒண்ணும் காணோமேடி?"

"அந்தக் கரைப் பக்கமா வந்திருப்பாங்க. மெதுவா பேசு."

"ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாக்கட்டா?"

"மானத்த வாங்காதக்கா. மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா அப்புறம் எந்தக் கூட்டத்துலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

அக்கா டார்ச்சைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். வரிசையில் இருந்த இடைவெளியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தடித்த சட்டை போட்ட ஒருவர். கொசுக்கள் காதுக்குள் ரீங்கரித்தன. அக்கா கழுத்தில் அடித்துக்கொண்டாள், கணுக்காலில் அடித்துக்கொண்டாள். வேறு யாரும் அடித்துக்கொள்ளவில்லை. இருமவில்லை. கால் மாற்றி உட்காரவில்லை. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் கேட்டது இரண்டே மூச்சு. ஒன்று அவளுடையது, இன்னொன்று தங்கையுடையது.

பிறகு மேகம் வந்தது. ஒரு மூலையிலிருந்து நட்சத்திரங்களைத் துடைத்துக்கொண்டே வந்து, வானம் முழுவதையும் மூடியது. அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. இனி எல்லோரும் கிளம்புவார்கள். அலுத்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், மனிதக் குரல் கேட்கும்.

ஒரு தலையும் தாழவில்லை.

"போலாம்டி. ஒண்ணும் தெரியல."

"இரு அக்கா. இப்பத்தான் நல்லாத் தெரியுது."

"மேகம் மூடிடுச்சும்மா. வா, எழுந்திரு."

அக்கா இருட்டில் தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. பனியில் நனைந்திருந்தது. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவளின் கை, ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த கைபோல.

காது கொடுத்தாள்.

ஒரே மூச்சு. அவளுடையது.

டார்ச்சைப் போட்டாள்.

முதலில் பக்கத்தில் இருந்தவர். சட்டை மட்கியிருந்தது. மடியில் மண் படிந்து, மண்ணில் புல் முளைத்திருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அவருக்கு அப்பால் ஒரு பெண். அப்பால் இன்னொருவர். வெளிச்சம் போன தூரம் வரை.

தங்கையின் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப அவள் கை மறுத்தது. திருப்பினாள்.

தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு சிரிப்பாளே, அதே சிரிப்பு. அவள் கண்களில் டார்ச்சின் வெளிச்சம் தெரியவில்லை. மேகமும் இல்லை. ஆழத்தில், நெருக்கமாக, நட்சத்திரங்கள். மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

அக்கா அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. மறுபடி தூக்கினாள். இழுத்தாள். வேர் விட்ட மரம்.

"அணைச்சிடுக்கா," என்றது தங்கையின் வாய், மெதுவாக, கூச்சத்தோடு. "எல்லாரும் பாக்குறாங்க."

பின்னால் காய்ந்த ஏதோ ஒன்று முறியும் சத்தம். பிறகு இன்னொன்று. கழுத்துகள்.

வரிசை வரிசையாகத் தலைகள் தாழ்ந்தன. வெளிச்சத்தின் பக்கம் திரும்பின. அத்தனை கண்களிலும் அந்த வானம். அத்தனை நட்சத்திரங்களும் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.