துரு மறந்த விதை

மேல்மலை அவரைக் காடுகள் எல்லாவற்றிலும், இலைநோயை அளக்கும் இலைமானிகள் பச்சை விளக்குக் காட்டின. தவமணியின் அரை ஏக்கரில் மட்டும் சிவப்பு.

ஏழு வருடங்களாக அந்த மலையில் விளைவது திண்மணி அவரை. குத்துச்செடி, காய் மண்ணில் படாது, எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து நெற்றாகிவிடும். இலையில் செம்புள்ளி விழும் துருநோய் அதை வீழ்த்தாது என்று பேர். போதாக்குறைக்குத் துப்புரவுத் தும்பிகள் என்ற குட்டி எந்திரங்கள் மேலே பறந்து, இலையில் ஊசிமுனைப் புள்ளி தெரிந்தாலும் ஒளிக்கீற்றால் சுட்டுவிடும். தவமணி மட்டும் தும்பிகளை உள்ளே விடவில்லை. அந்த இரைச்சலுக்கு அவளுடைய தேனீக்கள் பெட்டி திரும்புவதில்லை.

இன்று அவள் காட்டை எரிக்கப் பயிர்நல அலுவலர் ஜெபக்கனி வந்திருந்தார். கூடவே ஊர்த்தலைவர் காளிராசு, தவமணியின் கொழுந்தன்.

"ஒங்க துரு எங்க காட்டுக்கு வந்தா யாரு பொறுப்பு, மதினி?"

"காய் கொறைஞ்சிருக்கா, பாத்துச் சொல்லுங்க கொழுந்தனாரே. மொகத்துல நாலு பரு இருந்தா ஆளையே கொளுத்துவீகளா?"

எரிக்குமுன் ஒரு சோதனை உண்டு: அந்தத் துருவை ஊர் விதைகளின் நாற்றில் தடவி, எவ்வளவு கொடியது என்று பதிய வேண்டும். யாரும் செய்வதில்லை, கையெழுத்துப் போடுவதோடு சரி.

"சட்டம்னா சட்டம். செஞ்சிட்டுக் கொளுத்துங்க சார்" என்றாள் தவமணி. பன்னிரண்டு நாள் ஆகும். அவள் ஊருக்கு முந்தியே விதைத்தவள்; அதற்குள் காய் நெற்றாகிவிடும், பறித்துவிடலாம்.

பதின்மூன்றாம் நாள் ஜெபக்கனி நாற்றுத் தட்டுகளைச் சாவடியில் பரப்பினார். எல்லார் வீட்டு நாற்றும் சுருண்டு கருகிக் கிடந்தது. தவமணி விதையில் வந்தவை மட்டும் இரண்டொரு புள்ளியோடு தளதளவென்று நின்றன.

"தாய்ச்செடி நோயைப் பாத்திருந்தாத்தான் விதைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும். நீங்க ஏழு வருசமா ஒரு புள்ளிகூடக் காட்டல. விதை மறந்துபோச்சு."

காளிராசு தன் வீட்டு நாற்றைத் தொட்டுப் பார்த்தார். "இனிமே?"

"நாத்துதான் கருகும்; இப்பப் பூத்து நிக்கிற வளந்த செடி தாங்கும். அதுக்குத் துருவைக் காட்டுங்க. விதை கத்துக்கும்."

தும்பிகளைக் கூட்டில் அடைத்தார்கள். மறுநாள் காலை தவமணியின் வேலியோரம் கூடையும் சிரிப்புமாக ஊரே நின்றது.

"நல்லாச் சீக்குப் புடிச்ச எலையாப் பாத்துக் குடுங்க மதினி."

"வரிசையில வாங்க. தலைவருன்னா முந்தவா?"

உள்ளங்கை சிவக்கச் சிவக்க அந்த இலைகளை அவரவர் செடியில் தேய்த்தார்கள். எல்லாக் காட்டிலும் புள்ளி விழுந்தது. காளிராசு காட்டில் மட்டும் காணோம். ஒன்பது நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் மலையே அதிரக் கத்தினார். "மதினீ! ஓடி வாங்க! புடிச்சிருச்சு!"

இலையின் அடியில் மூன்று செம்புள்ளிகள். ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி தட்டு நிறையச் சர்க்கரை கொண்டுவந்தாள்.

தவமணி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முத்தின துருவாட்டம் இருக்கே. கொளுத்தச் சொல்லட்டா, கொழுந்தனாரே?"

காளிராசு தட்டை அவள் கையில் வைத்தார்.

"மொதல்ல சர்க்கரையை வாயில போடுங்க மதினி. அப்பத்தான் ஒங்க வாய் மூடும்."