துணைக்கு வந்த செந்நாய்

போட்ட சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது. மகளின் வயிறோ திண்ணென்று உப்பியிருந்தது. என்னடி சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, உதட்டைச் சுற்றி நாக்கைச் சுழற்றிவிட்டுச் சிரித்தாள்.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பகலெல்லாம் மர மில்லில் கட்டை தூக்கித் தோள் உரிந்து வந்தவனை, ஈரச் சாக்கும் பழைய ரத்தமும் கலந்த ஒரு வாடை வாசலிலேயே வந்து முட்டியது. கட்டிலடியில் செந்நாய் படுத்திருந்தது.

பொறியில் சிக்கி மீட்கப்பட்ட காட்டுச் சாதி என்று முதலாளி வீட்டில்தான் அதை முதலில் எடுத்து வளர்த்தார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டார்கள். சோபாவைக் குதறியதும் பாசம் வடிந்துவிட்டது.

"உன் பொண்டாட்டி எங்க வீட்டுச் சமையலுக்கு வரட்டும். பிள்ளைக்குத் துணையா இதை வெச்சுக்கோ" என்றார் முதலாளி. குடியிருக்கிற அறையும் அவருடையது. அவன் தலையாட்டினான்.

அது குரைக்காது. சீட்டியடிக்கும். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெலிசாக, நீளமாக. வந்த புதிதில் மகள் அதைக் கேட்டுக் கைதட்டினாள். பிறகு பதிலுக்கு அவளும் அடிக்க ஆரம்பித்தாள். முன்பல் விழுந்த அந்த வாயிலிருந்து அச்சு அசலாக அதே சீட்டி வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே முதலாளி வீட்டுக்குப் போய், நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். அங்கே விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கட்டை தூக்கற ஆளு, நாய்க்கா பயப்படற?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். சமையலறைக் கதவோரம், கையில் மாவோடு நின்ற மனைவி சிரிக்கவில்லை. "நீங்க முன்னால போங்க. பிள்ளை தனியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

தெருவிளக்கு எரியாத சந்து வழியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, கிடைத்த விறகுக்கட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு அதுவா நானா பார்த்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே கறுவியபடி நடந்தான். பாதி வழியில்தான் உறைத்தது, சந்தில் ஒரு தெருநாய்கூட இல்லை.

கதவு திறந்திருந்தது. வாசலில் சங்கிலி. அதன் நுனியில் கழுத்துப்பட்டை. கடித்து அறுத்த மாதிரி இல்லை. கொக்கி கழற்றப்பட்டிருந்தது. விரல் இருக்கிறவர்கள் செய்கிற வேலை.

சுவிட்சைத் தட்டினான். கரண்டு இல்லை.

கட்டிலடியில் நான்கு கண்கள் மினுங்கின.

திறந்த கதவு வழியே விழுந்த நிலா வெளிச்சத்தில், செந்நாய் வயிற்றை எக்கி எக்கிக் கறியைக் கக்கியது. ஆவி பறக்கிற கறி. மகள் கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்தாள். கையால் எடுக்கவில்லை.

கட்டையை ஓங்கினான். "தள்ளிப் போ, குட்டிம்மா."

அவள் தள்ளவில்லை. நாய்க்கு முன்னால் வந்து நின்றாள். மேலுதடு சுருங்கி ஏறியது. பிறகு அவனை முகர்ந்தாள். முகம் இளகியது.

"பசிக்குதாப்பா?"

கட்டை நழுவி விழுந்தது.

தவழ்ந்து அவன் காலடிக்கு வந்தாள். வயிறு எக்கியது. ஒருமுறை. இன்னொரு முறை. அவன் பாதத்தின் மேல் சுடச்சுட விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

சுவருக்கு வெளியே ஒரு சீட்டி. அடுத்து ஒன்று. பிறகு சுற்றிலும்.

"நீ முதல்ல சாப்பிடுப்பா. அவங்கெல்லாம் காத்துட்டு இருக்காங்க."

கணுக்காலில் பற்கள் பதிந்தன. கடிக்கவில்லை. கவ்வி, கீழே இழுத்தன.

அவன் குனிந்தான்.