எரிச்சல்மானி முன் இரண்டு பங்காளிகள்

தாராபுரம் சிறுதோட்டச் சந்தை மேடையில் நாச்சிமுத்துவின் சின்ன வெங்காயம் பளபளத்துக்கொண்டிருந்தது. எரிச்சல்மானியின் முள் மட்டும் சுழியத்திலேயே படுத்துக்கிடந்தது. அளவெடுக்கும் அதிகாரி யாழினி கருவியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

விளம்பரம் என்றாலே ஊர் சிரிக்கத் தொடங்கிய பிறகு, நகரத்து மக்கள் நம்பிய ஒரே சாட்சி பக்கத்துத் தோட்டக்காரனின் வயிற்றெரிச்சல்தான். அதை நடிக்க முடியாது. விளைச்சலின் முன்னால் அவனை நிறுத்தினால் போதும். கருவி தன் பக்கத்தில் நிற்பவரின் மூச்சுச் சூட்டையும் நாடியையும் படித்து எண் சொல்லிவிடும். எண் ஏற ஏற விலை ஏறும். பெரும்பண்ணைகள் இதில்தான் கவிழ்ந்தன: ஆயிரம் ஏக்கர்க்காரனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஏது? இரண்டு ஏக்கர்க்காரர்களோ பங்காளிகளின் தயவில் கார் வாங்கினார்கள். நாச்சிமுத்துவுக்கு வாய்த்த பங்காளி முதல் தரம். வரப்புக்கு அந்தப் பக்கத்துச் சென்னியப்பன். நாச்சிமுத்து புதுச்சட்டை போட்டாலே அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் இன்று வெங்காயத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"என்றா இது?" நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். "எப்பவும்போலப் பொகைய வேண்டியதுதான?"

"வரமாட்டீங்குதுங்ண்ணா. அன்னிக்கு மழையில என்ற வெங்காயம் குமிச்சு வெச்ச பட்டறயத் தார்ப்பாயப் போட்டு மூடுனீங்கல்ல? அதுலருந்து உங்களப் பாத்தா, நம்ம அண்ணனாக்கும்னு பெருமையா இருக்குது."

உதவி இப்படிக் காலை வாரும் என்று நாச்சிமுத்து கனவிலும் நினைக்கவில்லை. முள் எழாவிட்டால் ஒரு போகத்து உழைப்பு மொத்தமும் உரக்குழிக்குத்தான்.

"டேய், உன்ற வெங்காயத்தக் கழுதகூடத் திங்காது!" என்று வம்புக்கு இழுத்தார்.

"ஆமாங்ண்ணா. நானே திங்கறதில்ல."

நாச்சிமுத்துவாலேயே அடக்க முடியவில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

முள் துள்ளி எழுந்தது. தொண்ணூற்றிரண்டு.

யாழினி திடுக்கிட்டுக் கருவியை விட்டு விலகினார். முள் சரிந்தது.

"மேடம்... அந்த எரிச்சல் உங்களுதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"எங்கக்கா என்கிட்டப் பேசி ரொம்ப வருஷமாச்சுங்க." அவர் வெங்காயத்தின் பக்கமே பார்க்கவில்லை, தோள்பிடித்து நின்ற இருவரையுமே பார்த்தார். "பதிஞ்சா பதிஞ்சதுதான். அழிக்க வழியில்ல."

ஒலிபெருக்கி விலையைச் சொன்னது. அந்தச் சந்தையில் எந்த வெங்காயமும் கண்டிராத விலை. நாச்சிமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்த வேகத்தில் சட்டைப் பொத்தான் திணறியது. பெருமையைப் பகிர்ந்துகொள்ளத் தம்பி பக்கம் திரும்பினார்.

சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"தொண்ணூத்திரண்டா? போன சந்தையில என்ற வெங்காயத்துக்கு எழுவதுதானுங்களே மேடம் குடுத்தீங்க?"

முள் மெல்ல ஊர்ந்தது. பிறகு ஓடியது. கடைசிக் கோட்டையும் தாண்டிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இப்பத்தான்டா நீ என்ற தம்பி!" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார் நாச்சிமுத்து.