கூழாங்கல் கரையின் சத்தம்

ஷைனா வீடியோவை நிறுத்திவிட்டாள். கடல் சத்தம் நிற்கவில்லை.

போன் திரையில் பிரான்சின் நீஸ் நகரத்துக் கடற்கரை அசையாமல் நின்றது. மணலே இல்லாத கரை. எங்கு பார்த்தாலும் உருண்டைக் கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது அந்தக் கற்களை உறிஞ்சி இழுக்கிற 'சர்ர்ர்' சத்தத்துக்காகவே அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். வீடியோ நின்ற பிறகும் சர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சர்ர்ர். அடுத்த அறையிலிருந்து வந்தது. சீ, மாமா மூச்சு விடுகிறார்! இத்தனை நாளும் பாதிக் கடல் சத்தத்தை இவர்தான் எழுப்பிக்கொண்டிருந்தாரா என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

மாமனார் தேவநேசன் எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்குவம் பார்க்க வெள்ளி ஸ்பூனில் டீயை எடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டுத்தான் தீர்ப்பு சொல்வார். ஷைனா கலியாணமாகி இந்தக் குன்னூர் வீட்டுக்கு வந்த முதல் காலையில், கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால், அவள் போட்ட டீயையும் அப்படியே துப்பினார். "வேகலை." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று, அந்த உறிஞ்சல் மட்டும் போகவில்லை. கஞ்சியைக்கூட அதே வெள்ளி ஸ்பூனில் கொடுத்தால்தான் வாயைத் திறப்பார். நாலு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கணவன் டெனின் கோயமுத்தூர் ஆபீசிலிருந்து கூப்பிட்டிருந்தான்.

"அக்கா வர முடியாதுன்னுட்டா, ஷைனா. அப்பாவ யாரு பாத்துக்கறது? நீஸுக்கு அடுத்த வருஷம் போலாம்."

"ஏனுங்க, விசா வந்துருச்சு. டிக்கெட் போட்டாச்சு. நாலே நாள் பயணந்தானுங்க!"

"அப்பா இருக்கற வரைக்கும் இப்படித்தான். என்ன பண்ணச் சொல்ற?"

போன வருஷமும் இதையேதான் சொன்னான். அதற்கு முந்தின வருஷமும். அவன் போனை வைத்த பிறகு அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளோடு சமையலறைக்கு வந்தது, துணி மடிக்கும்போது கூட இருந்தது, வராந்தாவுக்கும் வந்தது. அப்பா இருக்கற வரைக்கும்.

வராந்தாவில் வீரம்மா குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவதற்காகப் பகலில் வந்து போகிறவள். மே மாதம் என்றுதான் பேர்; மழை பெய்து, தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டமாக மஞ்சு ஏறி, கேட்டையும் சில்வர் ஓக் மரங்களையும் முழுங்கிவிட்டு வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. ஈரக் கம்பளியும் கரிப்புகையும் கலந்த வாசனை.

"அம்மிணி, கங்கு நல்லாச் செவந்து பொகை அடங்கற வரைக்கும் வெளியவே இருக்கட்டுங்க. உள்ள வெச்சாலும் சன்னலக் கொஞ்சம் தொறந்து வெய்யுங்க. போன பனிக்கு டூர் வந்தவங்க ரெண்டு பேரு கரியடுப்ப உள்ள வெச்சு ரூமைச் சாத்திட்டுப் படுத்தாங்க. எந்திரிக்கவே இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா வீரம்மா? நீ கெளம்பு, இருட்டிரும்."

வீரம்மாவின் குடை மஞ்சுக்குள் மறைந்தது. ஷைனா அடுப்பில் இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டாள். சிவக்கும்வரை காத்திருக்கவில்லை.

மாமாவின் அறையில் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். சுவரில் மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்தாள். தேவநேசனின் கண்கள் கறுத்த கரியைப் பார்த்தன, ஜன்னலைப் பார்த்தன, பிறகு அவளிடம் வந்து நின்றன. மலையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். அவருக்கா தெரியாது?

"குளுருதுங்களா மாமா? இப்பச் சூடாயிரும்."

பயணத்துக்கென்று ஆசையாக வாங்கிய நீலக் கடற்கரைத் துண்டை வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் அடி இடுக்கில் திணித்தாள். அவசரமே இல்லாமல், ஓரம் ஓரமாக. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

ஹாலில் உட்கார்ந்து பயணத்தை யோசித்தாள். நீஸில் இறங்கி முதல் நாள் கரையிலேயே கிடக்க வேண்டும். மறுநாள் ஆன்டீப் ஊருக்கு ரயில். இடது பக்கம் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். புது மஞ்சள் கவுன் போட்டுக்கொள்ளலாம். சர்ர்ர். டெனின் கொஞ்ச நாள் அழுவான். அழட்டும். பிறகு ஒரு மாற்றம் வேண்டும் என்று அவனே கிளம்புவான். சர்ர்ர். இடைவெளி நீண்டது. ஓட்டில் சொட்டுகிற தண்ணீர், ஃப்ரிட்ஜின் முனகல், இன்னும் நீண்ட இடைவெளி. சர்ர். அப்புறம் ஒன்றும் இல்லை.

அப்பாடா! வாய்விட்டே சொன்னாள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

வீடியோவைப் போட்டாள். அலை வந்தது. போனது. சத்தம் இல்லை.

ஒலியை முழுதாகக் கூட்டினாள். அலை கற்களை இழுத்தது, சத்தம் இல்லை. வேறொரு வீடியோவில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள், அது சடசடவென்று கேட்டது. மறுபடி கடல். ஊமை.

அப்போது அறைக்குள்ளிருந்து வந்தது.

சர்ர்ர்ர்.

நோயாளியின் மூச்சு இல்லை. பலமான உறிஞ்சல். ஃபேக்டரி நாளைய உறிஞ்சல். பின்னாலேயே வாய்க்குள் எதையோ சுழற்றும் சத்தம். பிறகு, தூ.

நாலு வருஷமாகத் துப்பத் தெம்பில்லாதவர்.

சர்ர்ர்ர். தூ.

செத்திருக்க வேண்டும். பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட், விசா, எல்லாம் போச்சு. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். துண்டும் கதவோடு உள்ளே இழுபட்டது. கந்தகமும் கருகின கம்பளியும் முகத்தில் அடித்தன. தலை சுற்றியது. ஓர் அடி உள்ளே வைத்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி இழுத்தாள். துண்டு கதவடியில் சுருண்டு இறுகியிருந்தது. கதவு அசையவில்லை.

"ஐயோ, ஏசுவே!"

மாமா உட்கார்ந்திருந்தார்.

கட்டிலில் நிமிர்ந்து. கால் தொங்கப்போட்டு. மடியில் குமுட்டி அடுப்பு. அதன் அடியில் தொடைச் சதை கருகிப் பொசுங்கியது. முகத்தில் வலியே இல்லை. கையில் வெள்ளி ஸ்பூன். ஒரு கங்கை எடுத்தார். உதட்டில் வைத்தார்.

சர்ர்ர்ர்.

இரண்டு கன்னமும் உள்ளிருந்து சிவந்தன. நாக்கில் சுழற்றினார். பற்களில் பட்டுக் கங்கு கடகடத்தது, கூழாங்கல் உருளும் சத்தம். காலடியில், துப்பின கங்குகள் தரையைக் கருக்கிக் கிடந்தன.

இதைத் துப்பவில்லை. முழுங்கினார். நெஞ்சுக்குள் சிவப்பு இறங்குவது சட்டையையும் மீறித் தெரிந்தது.

"இப்பத்தாம்மா வெந்துருக்குது," என்றார், தெளிவாக.

இன்னொரு கங்கை எடுத்தார். பெரியது. ஸ்பூனை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயும் பாரு."

ஹாலில் கடல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்தாள். முடியவில்லை. நாலு வருஷமாக அவர் வாய் திறந்த மாதிரியே, ஸ்பூனைக் கண்டதும் அவள் வாய் தானாகத் திறந்தது.

சர்ர்ர்ர்.