கருப்பில் எழுதிய வரி

பச்சை வரிகளுக்கு நடுவே ஒரு வரி இடம் காலியாகக் கிடந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் கண்ணில்கூடப் பட்டிருக்காது. கருப்புத் திரையில் அந்தக் குளிர் கிடங்கின் ஒவ்வோர் அறையும் தன் நிலவரத்தை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே ஏறும். சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் பிசகினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. இடையில் ஒரு வரி வெறுமையாக விழுந்தால் யாருக்கு என்ன போயிற்று? ஆனால் அந்த ப்ரோக்ராமை எழுதியவன் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது வெற்று வரி இல்லை என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வண்ணம் சேர்த்ததே அவன்தான். அதற்கு முன்னால் எல்லாம் ஒரே வெள்ளை எழுத்து; பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. வண்ணம் வந்ததும் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். தொல்லை கொடுத்தது ஒரே ஒரு வரி. கதவு மூடிய அறைக்குள் ஆள் இருந்தால் கூரையில் இருக்கும் சென்சார் உடல் சூட்டைக் கண்டுபிடித்து, ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று ‘உள்ளே ஆள்’ எனச் சிவப்பில் எழுதும். பெட்டி தூக்கும் வண்டியின் சூட்டையும் ஆள் என்று நினைத்துக்கொண்டு அது ஊரைக் கூட்டியது. பெரிய இடத்து ஆட்கள் கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்த சமயம், மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் அந்த வரி யார் கண்ணிலும் படாமல் பண்ணச் சொன்னார்.

சென்சாரைச் சரிசெய்வது முதுகு ஒடிகிற வேலை. அவன் ஒரே ஒரு சொல்லை மாற்றினான். சிவப்பு என்றிருந்த இடத்தில் கருப்பு. கருப்புத் திரையில் கருப்பு எழுத்து. வந்தவர்கள் கைதட்டினார்கள், விருந்து நடந்தது, அவனும் வயிறாரச் சாப்பிட்டான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவன் அதை அடியோடு மறந்துபோனான்.

‘கம்பளி’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் ஓர் இரவு கடைசி அறைக்குள் மாட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். மூட்டை அடுக்குகிறவர், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதால் வந்த பெயர். அவனைப் பார்க்கும்போதெல்லாம், “தம்பி, உங்க ப்ரோக்ராம் இருக்குற தைரியத்துலதான் உள்ள போறேன்” என்று சிரிப்பார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது அவர் கதவோடு ஒட்டி விறைத்து உட்கார்ந்திருந்தார்.

விசாரணையின்போது அவர் மனைவி அவனிடம் மட்டும் வந்து கேட்டாள்.

“உள்ள ஆள் இருந்தா அது சொல்லும்னு வீட்ல அடிக்கடி சொல்வாரு. அன்னிக்கு ஏன் சொல்லல தம்பி?”

“சென்சார் கெட்டுப்போச்சுக்கா.”

கூசாமல் சொன்னான். அது சொல்லியிருந்தது. விடிய விடியச் சொல்லியிருந்தது. கருப்பில்.

நாளைக்கு அந்த அறையைத் திரும்பத் திறக்கிறார்கள். அதற்குள், விடுமுறை நாள் மத்தியானத்தில், யாரும் பார்க்கும் முன்னால் அந்தச் சொல்லை மாற்றிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான். யாராவது அதைப் பார்த்துவிட்டால் அவன் கதை முடிந்தது. கணக்கு அறையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தான். கடைசி அறை காலி. குளிரூட்டும் இயந்திரம் நின்று கிடந்தது. அந்தப் பழைய சென்சாரை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். வயர் அறுந்த நிலையில் அது அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே மேஜைமேல் இருந்தது.

மவுஸைப் பிடித்து வெற்று வரிமேல் இழுத்தான். நீலப் பட்டைக்குள் எழுத்துகள் எழுந்தன.

கடைசி அறை: உள்ளே ஆள்.

பழைய தகவல் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கருப்பை அழித்துச் சிவப்பு என்று எழுதி ஓடவிட்டான். சிவப்பு வரி வந்தது. மறுபடி வந்தது. ஜன்னல் இல்லாத அந்தக் கணக்கு அறையில் ஏசியின் முனகலுக்கு அடியில், நனைந்து காயாத கம்பளியின் வாடை மெல்ல மெல்லப் பரவி, மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்தத் தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

கடைசி அறைக் கதவுக்கு நேர் எதிரே காவலாளியின் மேஜை. விபத்துக்குப் பிறகுதான் அங்கே போட்டார்கள், எப்போதும் ஒரு கண் இருக்கட்டும் என்று. மேஜைக்குப் பக்கத்தில், கதவிலிருந்தும் தெரியும்படி மாட்டியிருந்த திரையில் ஓடியது இன்னும் பழைய ப்ரோக்ராம்தான்; மாற்றியது அவன் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. எல்லாம் பச்சை. நடுவே ஓர் இடைவெளி.

“உள்ள ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேண்ணே.”

“பாருங்க தம்பி. என் டூட்டி முடிஞ்சுது, அடுத்த ஆளு வந்துக்கிட்டே இருக்கான். கவலையே வேணாம், உள்ள யாராச்சும் மாட்டுனா திரை சொல்லிரும்.”

அவன் வாயைத் திறந்தான். அந்தத் திரையை நம்பாதீங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். மூடிக்கொண்டான்.

கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நகராதபடி அழுத்தி வைத்துவிட்டு உள்ளே போனான். காலி அலமாரிகள். ஈரத் தரை. செல்போன் வெளிச்சத்தில் மூலை மூலையாகத் தேடினான். யாரும் இல்லை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

பின்னால் பெட்டி சறுக்கும் சத்தம். நிதானமாக. யாரோ காலால் தள்ளுவதுபோல.

கதவு மூடிக்கொண்டது.

மேலே இயந்திரம் உறுமி எழுந்தது.

கைப்பிடியை அழுத்தினான். அசையவில்லை. கத்தினான். செல்போனில் சிக்னல் இல்லை. கதவின் கனத்தில் குரல் அங்கேயே அமுங்கியது. கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் பனி படர்ந்தது. நகத்தால் சுரண்டி, ஒரு கண் அளவுக்கு வழி பண்ணினான்.

பழைய காவலாளி பையை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். புதியவன் வந்து நாற்காலியில் சாய்ந்தான். திரையைப் பொறுப்பாக ஒரு பார்வை பார்த்தான். எல்லாம் பச்சை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனை எடுத்தான்.

அடித்தான். உள்ளேயிருந்து இரண்டு கையாலும் கதவை அடித்தான். புதியவன் தலை நிமிரவில்லை.

ஈரக் கம்பளி வாடை. மிக அருகில். காதோரம் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம். அவன் பற்கள் இல்லை.

திரும்பவில்லை. திரையையே பார்த்தான்.

பச்சை. பச்சை. ஒரு வெற்று வரி.

அதற்குக் கீழே இன்னொன்று.